மொழிபெயர்க்காத கேள்வி

"மணி, நான் இதிலை இறங்கி ஒழுங்கையாலை நடந்து வரட்டே?" என்றான் பாலேந்திரா.

"விசரே உங்களுக்கு? பேசாமல் இருங்கோ."

ஓட்டோவுக்கு முன்னால் நாலைந்து வாகனங்கள் நின்றன. அவற்றுக்கும் அப்பால் மண்மூட்டைகளும் தார்ப் பீப்பாய்களும் தெரிந்தன. சென்ற கிழமை பஸ்ஸில் குண்டு வெடித்த பிறகு, கொழும்பின் காலி வீதியில் நினைத்த இடத்திலெல்லாம் ஆமி சென்றி போட்டு, அடையாள அட்டை கேட்டுச் சோதித்தது.

"யாரும் எறங்க வாணாம்," என்றார் ஓட்டோக்காரர் ஷரீப், கண்ணாடியைப் பார்த்தபடி. "எறங்கி நடந்தாத்தான் புடிப்பானுகள்."

 பாலேந்திரா, சிவமணிக்கு இரண்டு வருடங்களுக்குப் பிறகு கிடைத்த புருஷன். கொட்டாஞ்சேனை லொட்ஜிலிருந்து வெள்ளவத்தை வீட்டுக்குக் கூட்டிப் போகிறாள். அவனுடைய அடையாள அட்டை இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது. கொழும்பில் தங்க வவுனியாவில் கொடுத்த பாஸும் நேற்றோடு முடிந்துவிட்டது.

அதற்காகத்தான் கிர்ஸ்டனையும் சாப்பாட்டுக்கென்று அழைத்து ஓட்டோவில் ஏற்றியிருந்தாள்.

கிர்ஸ்டன் டென்மார்க்கிலிருந்து சம்பளமில்லாமல் சேவை செய்ய வந்த பெண். சனிக்கிழமைகளில் கொட்டாஞ்சேனையில் மனித உரிமை வகுப்பு எடுக்கிறாள். அவளுடைய ஆங்கிலத்தைத் தமிழாக்குவது சிவமணியின் வேலை. உரிமைக்கு மனிதராகப் பிறந்தாலே போதும், அதை யாரும் தரவும் வேண்டாம், பறிக்கவும் முடியாது என்று கிழமை தவறாமல் சொல்லுவாள். சிவமணியும் கிழமை தவறாமல் தமிழில் சொல்லுவாள்.

போன சனிக்கிழமை, ஜிந்துப்பிட்டியிலிருந்து வரும் ராக்கம்மா எழுந்து ஒரு கேள்வி கேட்டாள். வகுப்பே சிரித்தது. அதைச் சிவமணி மொழிபெயர்க்கவில்லை. பின்வரிசையில் யார் எவருடைய ஆள் என்று யாருக்குத் தெரியும்? "பாடம் மிகவும் பிடித்திருக்கிறதாம்," என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சமாளித்தாள். கிர்ஸ்டன் ராக்கம்மாவைப் பார்த்துக் கை கூப்பினாள்.

இன்று காலை, கையில்லாத சட்டைதான் இந்த வெயிலுக்கு நல்லது என்று கிர்ஸ்டனை உடுத்தச் சொன்னதும் சிவமணிதான். காற்று வரும் என்று ஓரத்தில் உட்கார வைத்ததும் அவள்தான். எட்டிப் பார்க்கிறவன் கண்ணில் முதலில் படவேண்டியது அந்த வெள்ளைத் தோள்.

ஆனால் ஆமிக்காரன் தோளைப் பார்த்துவிட்டுக் குனிந்து உள்ளேயும் பார்த்தான். சிறு வயதுக்காரன்.

"மே கவுத?"

இது யார் என்று கேட்டுத் துப்பாக்கி முனையால் நடுவில் இருந்த பாலேந்திராவைக் காட்டினான்.

சிவமணி முந்திக்கொண்டு தன் அட்டையை நீட்டினாள். 

கிர்ஸ்டன் அந்தக் கையைப் பார்த்தாள். ஒன்றுமில்லாமல் மடியில் கிடந்த பாலேந்திராவின் கைகளைப் பார்த்தாள். பிறகு சட்டென்று அவன் முழங்கைக்குள் தன் கையைக் கோத்துக்கொண்டு, சிவப்புக் கடவுச்சீட்டை நீட்டினாள்.

"மை ஹஸ்பண்ட்."

ஆமிக்காரனின் புருவம் உயர்ந்தது. சிவமணியிடம் திரும்பி, நீ யார் என்று சிங்களத்தில் கேட்டான்.

"இவர்களுக்கு மொழிபெயர்க்கிறவள், சேர்."

தாலிக்கொடி சட்டைக்குள் நெஞ்சைச் சுட்டது.

அவனுக்கு விளையாட்டுப் பிடித்துவிட்டது. இந்தக் கறுவலிடம் வெள்ளைக்கார நோனா எதைக் கண்டு மயங்கினாளாம், கேட்டுச் சொல் என்றான்.

சிவமணி கேட்டாள். கிர்ஸ்டன் வெட்கப்படுகிறவள்போலத் தலையைச் சாய்த்துச் சிரித்துக்கொண்டே, வேகமான ஆங்கிலத்தில் சொன்னாள்: "மணி அக்கா, இந்த மனிதரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? நீங்களே சொல்லுங்கள்."

பின்னால் ஒரு லொறி ஹோர்ன் அடித்தது.

"கோபம் வந்தால் இவர் கதைக்கமாட்டாராம், சேர்," என்றாள் சிவமணி சிங்களத்தில். "ஆனால் அன்றைக்கும் மீனின் நடுத்துண்டைத் தான் தின்னாமல்..." எனக்கு என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உயிரோடு சேர்த்து அதை விழுங்கினாள். "நோனாவின் சோற்றுக் கோப்பையில் வைத்துவிட்டுத்தான் எழும்புவாராம்."

ஆமிக்காரன் அவளையே பார்த்தான். கனநேரம் பார்த்ததுபோல் இருந்தது. பிறகு சிரித்துவிட்டான். கடவுச்சீட்டைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்தான். பாலேந்திராவிடம் எதுவும் கேட்கவில்லை.

"ஹரி, யன்ன." போகச் சொல்லிக் கையை அசைத்தான்.

ஓட்டோ நகர்ந்தது. ஷரீப்பின் முதுகுச் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

கிர்ஸ்டன் கையை எடுத்துக்கொண்டாள். சிவமணி பாலேந்திராவின் மறு கையைப் பற்றினாள்.  

"அக்கா," என்றாள் கிர்ஸ்டன், வீதியைப் பார்த்தபடி. "ராக்கம்மா அன்றைக்கு உண்மையில் என்ன கேட்டார்? பாடம் பிடித்திருக்கிறது என்பதற்கு யாரும் அப்படிச் சிரிக்கமாட்டார்கள்."

சிவமணி இம்முறை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தாள்.

"அடையாள அட்டை இல்லாதவங்களும் மனுசங்கதானான்னு அந்தப் புள்ளகிட்டக் கேட்டுச் சொல்லுங்கக்கா."

கிர்ஸ்டன் மடியில் கிடந்த சிவப்புக் கடவுச்சீட்டைக் கவிழ்த்து வைத்தாள்.  

"யா அல்லாஹ்," என்று ஷரீப் பிரேக்கை அழுத்தினார். "காலைல வரக்குள்ள இது இருக்கல்லயே."

சந்தியில் இன்னொரு சென்றி. பீப்பாய்களை அப்போதுதான் உருட்டி வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கையைக் காட்டி மறித்தான்.

கிர்ஸ்டன் பாலேந்திராவின் முழங்கைக்குள் மறுபடி கையைக் கோத்துக்கொண்டாள்.

அவனுடைய மறு கைக்குள்ளிருந்து, சிவமணி தன் விரல்களை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டாள்.