மூன்றாவது மாவுக் கடை

"இந்த மாசத்தோட கடையை மூடிடறேன்" என்று மரகதவல்லி சொன்னதும் எதிர்க்கடை சண்முகராசுவுக்கும் பக்கத்துக் கடை பீர்முகமதுவுக்கும் முகம் செத்துப்போனது. இட்லி மாவு வியாபாரத்தில் இருவரும் அவளுக்குப் போட்டி. நியாயமாகச் சந்தோஷப்பட வேண்டியவர்கள்.

சிக்கல் தெருமுனைப் பலகையால் வந்தது. அந்தத் தெருவில் எந்தத் தொழில் மொத்தம் எவ்வளவு விற்றது என்று அரசு தினமும் மாலையில் அதில் வெளியிடும். மாவுக் கடை மூன்று இருக்கும்வரை யாருடைய விற்பனை எவ்வளவு என்று தெரியாது. இரண்டாகிவிட்டால், மொத்தத்தில் தன்னுடையதைக் கழித்ததும் அடுத்தவனுடையது அப்பட்டமாகத் தெரிந்துவிடும்.

"அக்கா, கடை அமோகமா ஓடுதுன்னு சொல்லித்தான் பொண்ணுக்கு வரன் பேசியிருக்கேன். பாய்க்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரிஞ்ச மாதிரி" என்றார் சண்முகராசு.

"நீ மட்டும் வாயைத் தச்சுக்கிட்டா இருப்பே?" என்றார் பீர்முகமது.

"எனக்கு முட்டி தேஞ்சுபோச்சுப்பா. குனிஞ்சு மாவு வழிக்க முடியல."

"வழிக்கவே வேணாம்க்கா. நான் ஊறப்போடறேன், பாய் அரைச்சுத் தருவாரு. நீங்க சும்மா உக்காந்திருந்தாப் போதும்."

புருஷன் போனபின் அவளைச் சும்மா உட்காரச் சொன்ன முதல் ஆட்கள் இவர்கள்தான். அதுவும் கடைக்குள்ளேயே.

"சரி, நான் செத்துப்போனா என்ன பண்ணுவீங்க?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அது இதுவரை அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

"அக்கா," என்றார் பீர்முகமது கவலையோடு, "பிரஷர் மாத்திரையெல்லாம் வேளாவேளைக்குப் போட்டுக்கறீங்கள்ல?"