கைவீசிக்கொண்டு வருபவர்

மூன்றாவது மாடிக்காரி இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு படியேறிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் அவள் புருஷன், கையை வீசிக்கொண்டு. லிஃப்ட் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

முதல் மாடி டீச்சருக்குப் பொறுக்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார்.

"தம்பி, நல்லாருக்கா இது? ஒரு பையையாவது வாங்கக் கூடாதா?"

அவன் சிரித்தான். "பழகிப் போச்சு டீச்சர்."

"யாருக்கு? அவளுக்கா, உங்களுக்கா? போன வாரம் கடையில நானே பார்த்தேன். அவ பையைத் தூக்கிப் பார்த்துட்டு, கனம் பத்தலைன்னு இன்னும் நாலு உருளைக்கிழங்கு போட்டீங்க. கல்நெஞ்சு வேணும் அதுக்கு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். குனிந்தவனை விட்டுவிடுகிற டீச்சரா அவர்? முப்பது வருஷம் வகுப்பை அடக்கிய குரல். எல்லா மாடியிலும் கதவு திறந்தது.

"நடந்து நடந்தே நாப்பது கிலோ இளைச்சவ அவ. இந்தக் கட்டடமே அவளைப் பார்த்துத்தான் காலையில நடக்கக் கிளம்புது. அப்படிப்பட்டவளைப் போட்டு இப்படி வேலை வாங்கறீங்க. இன்னைக்கே அவ அண்ணனுக்குப் போன் போடறேன். அவர் வந்து கேக்கட்டும்."

"போடுங்க டீச்சர்" என்றான்.

படியில் நின்றவள் பைகளைக் கீழே வைத்தாள்.

"வேண்டாம் டீச்சர். தப்பு என் மேலதான்."

"நீ சும்மா வா" என்று அவன் தடுத்தான். அவள் கேட்கவில்லை.

"நான் நடந்து இளைக்கல டீச்சர். இளைக்கறதுக்குன்னே வயித்துல ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். எடையோட எலும்பு பலமும் குறைஞ்சு போச்சு. போன வருஷம் குளிக்கிற இடத்துல கையை ஊனினதுக்கே மணிக்கட்டு உடைஞ்சுது. மாத்திரை மட்டும் போதாது, எலும்புக்கு வேலை குடுக்கணும், சுமையோட படியேறுன்னு டாக்டர் சொல்லிட்டார். எந்த மாசம் எவ்வளவு கனம்னு எழுதியே குடுத்திருக்கார். இப்ப எடுத்த ஸ்கேன்ல, எலும்பு மேற்கொண்டு தேயலைன்னு வந்திருக்கு. அடுத்த மாசம் இன்னும் ஒரு கிலோ கூட்டப் போறேன், பாருங்க."

டீச்சரின் குரல் இறங்கியது. ஆனாலும் தோற்றுப்போக மனசு வரவில்லை.

"சரிம்மா. அவரும் தனியா ஒரு பை தூக்கிட்டு வரலாமே?"

"அவர் கையில பை இருந்தா, நான் தடுமாறும்போது யார் பிடிக்கறது?"

டீச்சர் அவன் பக்கம் திரும்பினார். இப்போது வந்த கோபம் வேறு.

"இதை முதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன தம்பி? ஒரு வருஷமா எல்லார் வாயிலயும் விழுந்துக்கிட்டு..."

அவன் பைகளை எடுத்து அவள் கையில் கொடுத்தான். பதில் சொன்னது அவள்தான்.

"சொன்னா, நடந்தே இளைச்சேன்னு நான் உங்ககிட்டல்லாம் அடிச்ச பெருமை பொய்னு ஆயிடுமே டீச்சர்."