பெயர் போடாத துண்டு

உப்புவெளிப் பாடசாலை ஒன்றுக்கு வேப் எனும் மின்சிகரெட் புகைப்பதைப் பற்றியும் மனநலத்தைப் பற்றியும் பேச வந்த ஆலோசகர் லதீசனுக்கு, உயர்தர வகுப்பு மாணவர்களைக் கண்டாலே இளக்காரம். இதை இழுப்பவர்கள் எல்லாம் கோழைகள் என்றுதான் பேச்சைத் தொடங்கினார். பிறகு, மண்டபத்தில் உள்ள எல்லோரையும் தங்கள் பிரச்சினையைப் பெயர் போடாமல் எழுதித் தரச் சொன்னார். வந்த காகிதத் துண்டுகளில் ஒன்றைத் தவிர எல்லாம் வெறுமை.

அதை உரக்க வாசித்தார். "நித்திரை இல்லை. நெஞ்சு பதறுது. வேப்பை விட ஏலாமல் கிடக்கு."

சிரிப்பை அவர் அடக்கவில்லை. "இதை எழுதின கோழை ஆர்? எழும்பி நில்லும், பாப்பம்."

மாணவர்கள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள். மேடையில், அவருக்குப் பின்னால் ஒரு கதிரை நகர்ந்தது; அதில் இருந்தவர் எழுந்தார்.

"நான்தான் தம்பி," என்றார் பாடசாலை அதிபர் இரத்தினேஸ்வரி. "பிள்ளையளிட்ட இருந்து பறிச்ச ஒண்டை இழுத்துப் பாத்தனான். இனி விடுறதுக்கு வழி சொல்லுங்கோ. பிள்ளையளும் கேக்கட்டும்."