கேமராவைப் பார்த்தவர்

“தம்பி, அந்தப் பாறைக் காட்சியை இன்னொரு தடவை ஓட்டுவீங்களா?”

படுக்கை விரிப்பு மாற்ற வந்த ஓட்டல் அக்கா, விரிப்பைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். உதவி எடிட்டர் திரும்பிப் பார்த்தான். படப்பிடிப்புக் குழுவில் அவனுக்குப் பெயர் கத்தரி. கடலைப் பார்த்த அறைதான். ஆனால் வந்த நாள் முதல் அவன் ஜன்னல் திரையை விலக்கியதில்லை. வெளியே இருக்கிற கடல் மொத்தமும் சாயங்காலத்துக்குள் அவனுடைய கம்ப்யூட்டருக்கு வந்துவிடுகிறது, பிறகு எதற்கு?

“வெளியாளுங்களுக்குக் காட்டக் கூடாதுக்கா. டைரக்டருக்குத் தெரிஞ்சா என்னைக் கடல்ல தூக்கிப் போட்டுடுவாரு.”

“நேத்து நான் வந்தப்ப ஓடிட்டிருந்துச்சே. ஒரு பொண்ணு பாறை மேல உக்காந்து அழுவுது. பின்னாடி ஒருத்தர் வலையைத் தோள்ல போட்டுக்கிட்டுப் போறார். அவர் மூஞ்சியைப் பாக்கணும்.”

“ஹீரோயினை விட்டுட்டு வலைக்காரரையா பாத்தீங்க?” கத்தரி சிரித்தான். “அந்த அழுகைக்காக எட்டு டேக் எடுத்தோம்க்கா!”

“வலது காலை லேசா வீசி நடக்கிறார் பாருங்க. அது என் வீட்டுக்காரர் நடை.”

“அப்ப வீட்டுக்குப் போய் நேர்லயே பாத்துக்க வேண்டியதுதானே?”

“கடலுக்குப் போனவர் கரைக்கு வரலை, தம்பி.”

கத்தரியின் சிரிப்பு பாதியில் நின்றது. கடலில் தூக்கிப் போடுவது பற்றிச் சற்றுமுன் தான் உளறியது நினைவுக்கு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டான். துக்கம் விசாரிக்க அவனுக்கு என்றைக்குமே வராது.

“ஐயோ, போன மாசம்தானேக்கா வடக்குக் கரையில எடுத்தோம்! அன்னிக்கு நல்லா நடந்துட்டிருந்தாரே.”

அக்கா கம்ப்யூட்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை.

முதல் டேக்கில் ஹீரோயின் அழுதாள், வலைக்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு போனார். இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில் ஹீரோயினின் அழுகை கொஞ்சம் தேறியிருந்தது, முதுகு மட்டும் மாறவில்லை.

“திரும்பவே மாட்டாரா?”

“திரும்பக் கூடாதுக்கா. பின்னாடி நடக்கிறவங்களுக்கு ஒரே ஒரு கட்டளைதான். கேமராவைப் பாக்கக் கூடாது. பாத்தா டேக் போச்சு.” சொல்லும்போதே அவனுக்கு ஏதோ உறைத்தது. “இருங்க, இருங்க. அன்னிக்கு ஒண்ணு போச்சே!”

கெட்டுப்போன டேக்குகள் தனியாகக் கிடந்தன. நாளைய படப்பிடிப்புக்குக் கம்ப்யூட்டரில் இடம் வேண்டும், அதையெல்லாம் ஐந்து மணிக்குள் அழித்துவிடு என்று காலையிலேயே டைரக்டர் சொல்லியிருந்தார். இப்போது மணி நாலே முக்கால்.

“அழிச்சிட்டீங்களா?” அக்காவின் குரல் முதல்முறையாக உயர்ந்தது.

“நான் சோம்பேறிக்கா. காலையில சொன்ன வேலையைக் காலையிலேயே செஞ்சிருந்தா இந்நேரம் நானும் டைரக்டர் ஆயிருப்பேன்.”

ஆறாவது டேக் ஓடியது. வலைக்காரர் பாறையைத் தாண்டினார். நின்றார். மெல்லத் திரும்பி, கேமராவை நேருக்கு நேர் பார்த்து, கல்யாணப் போட்டோவுக்கு நிற்பவர் மாதிரி வாய் நிறையச் சிரித்தார்.

“யோவ் வலை! இங்க என்னய்யா பார்வை?” டைரக்டரின் குரல் மைக்கில் அலறியது. அழுதுகொண்டிருந்த ஹீரோயினுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கத்தரி அந்த முகத்தில் படத்தை நிறுத்தினான்.

அக்கா குனிந்தாள். மூக்கைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள், புருவத்துக்கு மேலிருந்த தழும்பைப் பார்த்தாள். விரிப்பில் கறை போயிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது போல நிதானமாகப் பார்த்தாள்.

“அவர்தான்” என்றாள். “கொஞ்சம் சதை போட்டிருக்கார்.”

“கேமராவில எல்லாருமே கொஞ்சம் குண்டாத்தான் தெரிவாங்க, அக்கா.”

கண்ணீர் வருமென்று நினைத்து மேஜை மேலிருந்த காகிதக் கைக்குட்டையை அவள் பக்கம் நகர்த்தினான். அவள் அதைத் தொடவில்லை. கிளிசரின் போட்டும் எட்டு டேக் வாங்கிய ஹீரோயினை நினைத்தான், ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடாமல் நிற்கிற இந்த அக்காவையும் பார்த்தான். நிஜத் துக்கம் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

“ஒரு படம் எடுத்துத் தரட்டுமாக்கா?”

“மூஞ்சி தெளிவா தெரியற மாதிரி கொடுங்க.”

கேட்டதற்கு மேலேயே செய்தான். வெளிச்சத்தைக் கூட்டி, பெரிய தாளில், நல்ல கலரில் அச்சிட்டான். மாடிப்படியில் டைரக்டரின் பேச்சுச் சத்தம் கேட்டது. அவசர அவசரமாகக் கெட்டுப்போன டேக்குகள் அத்தனையையும் அழித்தான்.

“இந்தாங்கக்கா, யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. சட்டம் போட்டு வீட்டுல மாட்டி வெச்சுக்கங்க. பாக்கறப்ப எல்லாம் சிரிச்சிட்டே இருப்பாரு.”

அக்கா படத்தை நாலாக மடித்தாள்.

“மாட்டறதுக்கு வேணாம், தம்பி. கடலோட போயிட்டார்னு சொல்லி வீட்டுல ஒரு படம் மாட்டி ஏழு வருஷம் ஆச்சு. போன மாசம் நடிச்சவங்ககிட்ட பேரு, விலாசமெல்லாம் எழுதி வாங்கியிருப்பீங்கல்ல, இந்த ஆளோட விலாசத்தை மட்டும் பாத்துச் சொல்லுங்க.”