நான் கண்டனான்

“இஞ்சேரும், இப்பவும் ஒண்டும் கெட்டுப்போகேல்லை. சுகமில்லை எண்டு சொல்லிப்போட்டு வீட்டை போவம். எழும்பும்!”

நீதிமன்றத்தின் வெளி மண்டபத்தில், மனைவியின் கோட்டுக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கெஞ்சினார் செல்வரத்தினம். மகாதேவி அசைந்தால்தானே!

“கையை முறிச்சவங்கள் தலை நிமிர்ந்து வந்திருக்கிறாங்கள். கண்ணால கண்ட நான் ஏனப்பா ஒளிக்கோணும்?”

“பொலிசோட கொழுவிப்போட்டு இந்த ஊரில கடை நடத்த ஏலுமே? எங்கட லைசென்சில கை வைக்க அவங்களுக்கு எவ்வளவு நேரம் செல்லும்?”

“வைக்கட்டும். அதுக்கும் ஒரு வழக்குப் போடுவன்.”

செல்வரத்தினம் தலையில் கை வைத்துக்கொண்டார். “அந்தப் பெடியனால நாங்கள் பட்ட பாடு காணாதே? இந்த முழங்கால் நோவோட படியேறி வந்திருக்கிறீர். சனம் உமக்கு விசர் எண்டு கதைக்குது.”

“கதைக்கிற சனம் அண்டைக்கு றோட்டில நிக்கேல்லை. நான் நிண்டனான்.”

எதிர் வாங்கில், பொலிஸ்மேல் வழக்குப் போட்ட துஷாந்தன் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தான். இருபது வயதுகூட ஆகவில்லை. அவர்களின் கடை இருக்கும் தோர்ண்டன் ஹீத் பகுதியில், நடைபாதையில் விலங்கு மாட்டிய பிறகும், பொலிஸ்காரர் இருவர் அவன் முதுகில் ஏறி அமுக்கி வலது கையை முறுக்கி முறித்தார்கள். அந்தக் கை இன்றைக்கும் சரியாக மடங்குவதில்லை. அவன் ஓடும்போது தானாக விழுந்தான் என்பது பொலிசின் கதை. அவர்கள் நெஞ்சில் மாட்டியிருந்த காமெரா? அன்றைக்கென்று பார்த்து அது வேலை செய்யவில்லையாம், பாவம்! மகாதேவி வாய் திறக்காவிட்டால் வழக்கு அவ்வளவுதான்.

அந்த வலது கையால் சட்டையின் இடது கைப் பொத்தானைப் பூட்ட முடியாமல் அவன் திணறுவதைக் கண்டாள் மகாதேவி. எழுந்து போய்ப் பூட்டிவிட்டாள். அவன் அவள் முகத்தைப் பார்க்கவேயில்லை.

“நிமிர்ந்து இரடா” என்றாள்.

உள்ளே அவளைக் கூப்பிட்டார்கள். அவள் கண்டதையெல்லாம் ஒன்றும் விடாமல் சொன்னாள். பொலிசுக்காக வாதாடிய வழக்கறிஞர் குறுக்குக் கேள்விகளை அடுக்கினார். மொழிபெயர்ப்பாளர் அவற்றைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். முடிவில் வழக்கறிஞர் மெல்லச் சிரித்தார்.

“அம்மா, அண்டைக்குப் பொலிசைக் கூப்பிட்டது ஆர்?”

“நான்தான்.”

“ஏன் கூப்பிட்டனீங்கள்?”

“எங்கட கடைக்குள்ள பூந்து, என்னைத் தள்ளி விழுத்தி முழங்காலையும் உடைச்சுப்போட்டு, சிகரெட் பெட்டியளை அள்ளிக்கொண்டு ஒருத்தன் ஓடினவன்.”

“ஆர் அது?”

மகாதேவி துஷாந்தனைக் கைகாட்டினாள். “இவன்தான்.”

“அப்ப ஏன் இவனுக்காகச் சாட்சி சொல்ல வந்தனீங்கள்?”

மகாதேவி அந்த இரண்டு பொலிஸ்காரரையும் நேருக்கு நேர் பார்த்தாள்.

“பிடிக்கச் சொல்லித்தான் கூப்பிட்டனான். கையை முறிக்கச் சொல்லி இல்லை!”