அரை அடி உயரம்

மேடையில் யார் உட்கார்ந்தாலும் தலைவரின் நாற்காலி அரை அடி உயர்ந்தே இருக்க வேண்டும் என்பது வணிகர் சங்கத்தின் விதி. மோட்டார் பொருத்திய நாற்காலிகள் தங்களுக்குள் உயரத்தை விசாரித்து விதியைக் காப்பாற்றி வந்தன. ஆண்டுவிழாவன்று அந்தத் தொடர்பு அறுந்தது. மற்றவர்களின் உயரம் தெரியாத தலைவர் நாற்காலி, எதற்கும் இருக்கட்டும் என்று ஏறிக்கொண்டே போனது.

"ஏம்மா ஜெசிந்தா, ஃபேன் தலையில அடிக்கப் போகுது!" என்று மேலிருந்து அலறினார் தலைவர் தில்லைநாயகம்.

மெக்கானிக் ஜெசிந்தா அண்ணாந்து பார்த்தாள். "எல்லா நாற்காலியையும் ஒரே மட்டத்துக்கு இறக்கினாத்தான் சரியாகும் சார். ஒரே நிமிஷம்."

"ஒரே மட்டமா? செயலாளரும் நானுமா?"

"ஆமா சார்."

தலைவர் யோசித்தார். ஃபேன் காற்றில் அவருடைய துண்டு பறந்து போனது.

"முதல்ல ஃபேனைக் கழட்டும்மா. கூரையை அப்புறம் பாத்துக்கலாம்."