எதிர் இலை

இங்கேயும் கேட்டார்கள், எத்தனை பேர் என்று.

ஒருத்திதான் என்றாள்.

பரிமாறுகிறவர் அவளைத் தாண்டி வாசலை எட்டிப் பார்த்தார். பின்னால் யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் அவர் முகத்தில் ஒரு பரிவு வந்தது. அதைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது, அடுத்து எங்கே அனுப்பப்போகிறார் என்று.

பேமிலி ரூம்.

கண்ணாடிக் கதவு. ஏ.சி. ஐந்தாறு மேஜைகள். ஒரு ஈ, காக்காய் இல்லை.

வெளியே கூடத்திலேயே உட்காருகிறேனே என்று சொல்லிப் பார்த்தாள். அங்கே ஒரே ஆம்பளைக் கூட்டம், இங்கே என்றால் தொந்தரவில்லாமல் சாப்பிடலாம் என்றார். அக்கா என்றுதான் கூப்பிட்டார். அன்பாகத்தான் சொன்னார். அன்பாகச் சொல்பவரிடம் போய் என்னவென்று சண்டை போடுவது?

தொந்தரவு வேண்டித்தான் அவள் காரைக்குடிக்கே வந்திருந்தாள்.

அவளும் அம்மாவுமாக இருந்த வீடு. வைகாசியில் அம்மா போய்விட்டாள். அதற்கப்புறம் எதிரே ஒரு முகத்தை வைத்துக்கொண்டு அவள் ஒருவேளைகூடச் சாப்பிடவில்லை. ஆபீஸில் அவரவர் மேஜை, அவரவர் போன். வீட்டில் அடுப்பு மேடையருகே நின்றபடியே முடித்துவிடுவாள். சோறு தின்ன ஒரு துணை வேண்டுமென்று யாராவது சென்னையிலிருந்து ரயில் ஏறுவார்களா? அவள் ஏறினாள். சனி, ஞாயிறு இரண்டு நாள். நல்ல ஓட்டல், பேர்போன சாப்பாடு, ஊரெல்லாம் வெளியூர்க்காரர்கள். எவராவது ஒருவர் எதிரே வந்து உட்கார மாட்டாரா என்ன?

உட்காரவில்லை.

தங்கிய ஓட்டல் பழைய செட்டியார் வீடு. சாப்பாட்டு அறையில் கல்யாணமே நடத்தலாம். அவளுக்கு மூலையில் இரண்டு பேர் உட்காரும் மேஜை. உட்கார்ந்ததும் எதிரே வைத்திருந்த தட்டையும் டம்ளரையும் நாசூக்காக எடுத்துக்கொண்டு போனார்கள்.

அதை விட்டு வைத்திருக்கலாம்.

சாயங்காலம் பணியாரம் சாப்பிடப் போன இடத்தில், பார்சலா என்று கேட்டார்கள். வாய் தவறி ஆமாம் என்றுவிட்டாள். அறைக்கு வரும் வழியெல்லாம் தன்மேலேயே எரிச்சல்.

இதுதான் கடைசி வேளை. சாப்பிட்டதும் ரயில்.

இலை வந்தது. தண்ணீர் தெளித்துத் துடைத்தாள். அப்போது கதவு திறந்தது.

பெரிய குடும்பம். குழந்தை குட்டிகள், மல்லிகைப்பூ, சத்தம். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அவர்கள் நின்றபடியே தலைகளை எண்ணினார்கள். மேஜைகளைச் சேர்த்துப் போட்டாலும் இடம் பற்றாது போலிருந்தது. பட்டுப்புடவைக்காரி ஒருத்தி அவளிடம் குனிந்து, ரொம்ப மரியாதையாக, நீங்கள் தனியாகத்தானே வந்திருக்கிறீர்கள், கொஞ்சம் வெளியே மாறிக்கொள்ள முடியுமா என்று கேட்டாள்.

பரிமாறுகிறவர் தாம்பூலத் தட்டை ஏந்துவதுபோல இலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு முன்னால் போனார். அவள் பின்னால் போனாள்.

கூடத்தில், சமையற்கட்டு வாசலை ஒட்டி ஒரு சின்ன மேஜை. அங்கே ஒருவர் அப்போதுதான் உட்கார்ந்திருந்தார். இலைக்குப் பக்கத்தில் வண்டிச் சாவி. அந்தக் குடும்பத்தை மதுரையிலிருந்து வேனில் கூட்டி வந்த டிரைவர்.

அவளைக் கண்டதும் எழப் பார்த்தார். பரவாயில்லை, உட்காருங்கள் என்றாள். அவர் தன் இலையைத் தன் பக்கமாக இழுத்து அவளுக்கு இடம்விட்டார்.

எதிரெதிரே இரண்டு இலை.

ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. கூட்டு வைத்தவர் அவளை விட்டுவிட்டு நகர்ந்தபோது மட்டும், அங்கே வைக்கவில்லையே என்று டிரைவர் அவள் இலையைக் காட்டினார்.

அவ்வளவுதான்.

வண்டி ஓட்டுகிறவர்கள் வேகமாகச் சாப்பிடுவார்கள். அவர் மோர்ச்சோற்றை வழித்து முடித்தபோது அவள் சாம்பாரையே தாண்டவில்லை. இதோ எழுந்து கை கழுவப் போய்விடுவார். அள்ளி அள்ளி வாயில் போட்டாள். விக்கியது.

அவர் எழவில்லை.

எச்சில் கை இலைமேல் காய்ந்துகொண்டிருந்தது. எதிராளி சாப்பிடும்போது பாதியில் எழுந்து போகக்கூடாது என்று யாரோ சொல்லி வளர்த்த பிள்ளை.

கண்ணாடிக் கதவு திறந்தது. வண்டியிலிருந்து தண்ணீர் பாட்டில்களை எடுத்து வரும்படி உள்ளிருந்து குரல் வந்தது. தங்கப்பாண்டி என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

இந்தா வருகிறேன் என்றார். அசையவில்லை.

நீங்கள் போங்கள் என்றாள் அவள். சொல்வதற்கு மனசே இல்லை.

"பையச் சாப்பிடுங்கம்மா. நான் இருக்கேன்."

அவள் தலை நிமிரவில்லை. கண்ணைத் துடைத்தால் தெரிந்துவிடும். இலையைப் பார்த்துக்கொண்டே மென்றாள்.

உள்ளேயிருந்து மறுபடி கூப்பிட்டார்கள். இந்தத் தடவை குரலில் கோபம்.

பரிமாறுகிறவர் சோற்றுத் தட்டோடு வந்து, போதுமா அக்கா என்று கேட்டார்.

வயிறு முட்டிவிட்டது.

இன்னும் கொஞ்சம் போடச் சொன்னாள்.